ஃபெட்: ஒரு நகலின் சரித்திரம்

யுத்தத்துக்கு முந்திய ஃபெட் காமிராவின் தலைத்தகட்டில் ருஷ்ய எழுத்துக்களில் சில வரிகள் செதுக்கியிருக்கும். முதலில் மூன்றெழுத்துப் பெயர். அதன் கீழே ஜெர்ஜின்ஸ்கி உழைப்புக் கம்யூன், உக்ரெய்ன் என்.கே.வி.டி. கடைசியில் ஊர்: கார்க்கோவ். ஃபெட் என்பது ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துக்கள். 1917 டிஸம்பரில் சேக்கா என்ற ரகசியப் போலீஸைத் தொடங்கி, 1926-ல் சாகும்வரை அதற்கும் அதன் வாரிசு ஸ்தாபனங்களுக்கும் தலைமை வகித்தவர். என்.கே.வி.டி. அந்த வம்சத்தில் அடுத்தது. ஒரு போலீஸ் இலாகாவின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு கல்யாணப் படங்களும் குழந்தைப் படங்களும் எடுத்த காமிரா இது.

சேகரிப்பாளர்கள் இவ்வரிகளைக் கொண்டு காமிராவின் வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆரம்பத் தகடுகளில் கம்யூனின் பெயர் மட்டும். பிறகு உக்ரெய்ன் என்.கே.வி.டி. வந்து சேரும். 1930-களின் முடிவில் கம்யூன் என்ற சொல்லே போய், ஸோவியத் யூனியன் என்.கே.வி.டி.யும் 'கார்க்கோவ் கம்பைன்' என்பதும் ஏறிவிடும். இதை விலை நிர்ணயிக்கும் தகவலாக மட்டும் பார்ப்பது அவர்களுடைய ஸௌகரியம். கம்யூன் கம்பைன் ஆனதற்குள் ஒரு தசாப்தத்தின் கதை அடைபட்டுக் கிடக்கிறது.

உள்நாட்டு யுத்தமும் 1921-22 பஞ்சமும் லட்சக்கணக்கான ருஷ்ய, உக்ரெய்னியக் குழந்தைகளைத் தெருவில் விட்டன. ரயில்வே ஸ்டேஷன்களில் படுத்து, தார் காய்ச்சும் கொப்பரைகளின் சூட்டில் ஒண்டி, திருடிப் பிழைத்தவர்கள். இவர்களில் போலீஸில் பிடிபட்ட சிலரை வைத்துக்கொண்டு அந்தோன் மகாரெங்கோ 1920-ல் பொல்டாவா அருகே ஒரு காலனி தொடங்கினார். பின்னால் அது கார்க்கி பெயரில் பிரசித்தமாயிற்று. அவருடைய முறை எளியது, கடுமையானது. ஊதுகொம்பு, அணிவகுப்பு, பிள்ளைகளிலிருந்தே தளபதிகள், தளபதிகளின் சபை, எல்லோருக்கும் உடலுழைப்பு. இது பள்ளிக்கூடமல்ல, பாசறை என்றார்கள் கல்வி இலாகாக்காரர்கள். விமர்சனம் முற்றி 1928-ல் அவர் அந்தக் காலனியை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதற்குள் வேறோர் இடம் தயாராக இருந்தது. ஜெர்ஜின்ஸ்கியின் ஞாபகார்த்தமாக உக்ரெய்ன் ரகசியப் போலீஸ்காரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் பிடித்துக் கொடுத்து, கார்க்கோவ் நகரத்தின் ஓரத்தில் கட்டிய கம்யூன், 1927-ன் கடைசி நாட்களில் திறக்கப்பட்டது.

ஆசிரியர்கள் கைவிட்ட ஆசிரியரைப் போலீஸ்காரர்கள் ஆதரித்தார்கள். மகாரெங்கோ இதில் வினோதம் எதையும் காணவில்லை. மரியாதையோடும் நன்றியோடும்தான் சேக்காக்காரர்களைப் பற்றி எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பொய் சொல்லியிருந்தால் விஷயம் சுலபமாகியிருக்கும்.

கம்யூனில் ஒரு நாளில் நாலு மணி நேரம் வேலை, மீதி நேரம் படிப்பு. முதலில் தச்சும் இரும்பு வேலையும். நாற்காலி மேஜை செய்து விற்றார்கள். பிறகு 1932-ல், அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரத் துளைக்கருவியைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வெற்றியின் தைரியத்தில் அடுத்த காரியத்தில் இறங்கினார்கள். ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பெனி, ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்காவை 1925-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸினிமா ஃபிலிமில் படமெடுக்கும், கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளக் கூடிய காமிரா. 1932-ல் அதனுள்ளேயே ஒரு தூரமானியைப் பொருத்தினார்கள். இரண்டு சிறு ஜன்னல்கள் வழியாக வரும் இரண்டு பிம்பங்கள் ஒன்றன் மேல் ஒன்று கூடும்போது, லென்ஸ் தானாகவே அந்தத் தூரத்தில் நிற்கும். அதே 1932 அக்டோபரில் கார்க்கோவ் கம்யூன் மூன்று நகல்களைச் செய்து முடித்திருந்தது. 1934-லிருந்து தொடர் உற்பத்தி. ஜெர்மானியப் படை வந்த 1941-க்குள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வெளிவந்துவிட்டது.

நகல் என்பதை நாம் வசைச் சொல்லாகவே பழகியிருக்கிறோம், முக்கியமாக இலக்கியத்தில். ஒரு லைக்காவைக் கழற்றிப் பார்த்து இன்னொன்று செய்வதில் இருக்கும் சிரமத்தை யோசித்தால் இந்த அலட்சியம் குறையும். பாகத்தின் வடிவத்தை அளந்துவிடலாம். அது எவ்வளவு தளர்வாகவும் எவ்வளவு இறுக்கமாகவும் இருக்கலாம் என்பதைக் கழற்றிய காமிரா சொல்லாது. அதைத் தவறு செய்துதான் கற்க வேண்டும். லென்ஸோ நகலே அல்ல. வெளித்தோற்றத்தில் லைட்ஸின் எல்மார் மாதிரி உள்ளே தள்ளி மடக்கும் குழாய்தான். ஆனால் எல்மாரில் ஒளித்துவாரத் தகடு முதல் கண்ணாடிக்கு அடுத்தாற்போல் இருக்கும், ஃபெட்டில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில். லெனின்கிராடின் அரசாங்க ஒளியியல் நிறுவனத்தில் வேறு கணக்குப் போட்டு உருவாக்கியது.

எனக்குக் கிடைத்த ஃபெட்டைப் பழுதுபார்த்தபோதுதான் இதெல்லாம் கைக்குத் தெரிந்தது. லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் ஷட்டர் திரையில் நட்சத்திரங்கள். ரப்பர் பூசிய துணி எண்பது தொண்ணூறு வருஷத்தில் விறைத்து, மடிப்புகளில் ஊசித்துளை விழுந்திருந்தது. ஒவ்வொரு துளையும் படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாகும். பழைய பசையைச் சுரண்டி, அதே அளவுக்குப் புதுத் துணி வெட்டி, உருளைகளில் துளியும் கோணாமல் ஒட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் திரை ஓடாது. அடித்தகட்டைத் திறந்தால் தெரியும் இரண்டு சிறு திருகுகளில் இருக்கிறது ஸ்பிரிங்கின் இறுக்கம். வேகம் போதவில்லை என்று ஆத்திரத்தில் அதிகமாக முறுக்குகிறவர்கள் துணியைத்தான் கிழிக்கிறார்கள். உறைந்து மெழுகாகிவிட்ட கிரீஸைத் துடைத்தாலே பாதி வியாதி போய்விடும். வேகத்தின் எண்களை ஷட்டரை முறுக்கிய பிறகே பார்க்க வேண்டும், திருப்ப வேண்டும். இந்த விதியைத் தெரியாத முந்தைய சொந்தக்காரர்கள்தான் பல காமிராக்களின் எமன்.

திரையெல்லாம் சரியான பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். லென்ஸ் முடுக்கும் வளையத்தைக் கழற்றியபோது அடியில் பழுப்பேறிய காகித வளையங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அழுக்கு என்று உரித்துப் போட்டுவிட்டேன். அதன் பிறகு எடுத்த சுருள் முழுக்க மங்கல். தூரமானி ஒன்று சொல்ல, ஃபிலிம் இன்னொன்று சொல்லிற்று. லைட்ஸ் கம்பெனி 1931-லேயே எந்த உடலுக்கும் எந்த லென்ஸும் பொருந்துகிற மாதிரி தூரத்தை நிரந்தரப்படுத்திவிட்டது. கார்க்கோவில் அது கைகூடவில்லை. ஒவ்வோர் உடலையும் அதன் லென்ஸோடு சேர்த்து வைத்துப் பார்த்து, வித்தியாசத்தைக் காகிதத்தால் நிரப்பினார்கள். நான் உரித்துப் போட்டது, கம்யூனில் வளர்ந்த ஒரு பையனோ பெண்ணோ, அல்லது பக்கத்தில் நின்று வேலை பார்த்த தொழிலாளியோ, கண்ணால் பார்த்து, போதாதென்று இன்னொன்று சேர்த்து வைத்த தீர்மானம். யந்திரத்தில் மனிதன் தெரிகிற இடம் என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். இங்கே வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வரவில்லை.

இதுவரை சொன்னது பெருமைப்படத் தக்க கதை. அதே நகரம், அதே காலம் என்று இன்னொன்றைச் சொல்லாமல் இதை முடித்துவிடுகிறார்கள் காமிராப் பிரியர்கள். 1932-33 குளிர்காலத்திலும் வசந்தத்திலும் உக்ரெய்னில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டினியால் செத்தார்கள். தானியத்தைப் பறித்துக்கொண்டு, பஞ்சப்பட்ட கிராமங்களை விட்டு யாரும் வெளியேறாமல் தடுத்த காரியத்தில் முன்நின்றது கம்யூனைப் போஷித்த அதே போலீஸ். அன்று உக்ரெய்னின் தலைநகரமாக இருந்த கார்க்கோவின் தெருக்களுக்குத் தப்பி வந்த குடியானவர்கள் நடைபாதைகளில் விழுந்து கிடந்தார்கள். அவர்களைப் படமெடுத்தவர் அலெக்ஸாண்டர் வீனர்பெர்கர் என்ற ஆஸ்திரிய ரசாயன எஞ்சினியர். ரகசியமாக, ஒரு லைக்காவில். நெகட்டிவ்கள் ஆஸ்திரியத் தூதரகத்தின் தபால் பையில் வெளியே போயின. நாஜி ஆட்சியின் கீழ் 1939-ல் வெளியான அவர் புத்தகத்தை நம்பி ஏற்பது கஷ்டம். படங்களை மறுப்பது அதைவிடக் கஷ்டம்.

நகரத்தின் ஓரத்தில் லைக்காவை நகலெடுக்கப் பழகுகிறார்கள் முந்தைய பஞ்சத்தின் அநாதைகள். நகரத்தின் நடுவில் அசல் லைக்கா ஒன்று அடுத்த பஞ்சத்தின் பிணங்களைப் பதிவு செய்கிறது. இதை நான் ஜோடிக்கவில்லை. வருஷங்கள் அப்படி விழுந்திருக்கின்றன.

அதே 1933-ல் இன்னொரு லைக்கா வடக்கே இருந்தது. 1928 முதல் அந்தக் காமிராவைக் கையாண்ட அலெக்ஸாண்டர் ரோட்சென்கோ, கைதிகளைக் கொண்டு ரகசியப் போலீஸ் வெட்டிய வெண்கடல்-பால்டிக் கால்வாயைப் படமெடுத்தார். கோணங்கள், சரிந்த கோடுகள், மேலிருந்து பார்க்கும் பார்வை என்று அவர் கண்டுபிடித்த அத்தனையும் அந்தப் படங்களில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் இல்லை. நவீனத்துவத்தைப் பற்றிப் பேசுகிற நாம் ரோட்சென்கோவை வடிவத்துக்காக மட்டும் கொண்டாடிவிட்டு இந்த இடத்தில் சத்தமில்லாமல் நகர்ந்துபோவது சரியல்ல. வீனர்பெர்கர் கலைஞரல்ல. அவர் சட்டங்கள் கோணலாகவும் அவசரமாகவும் இருக்கின்றன, ஒளிந்து எடுத்தவை அப்படித்தான் இருக்கும். எனக்கு இன்று அவைதான் தேவைப்படுகின்றன.

மகாரெங்கோ 1935-ல் கீவுக்குப் போனார், 1939-ல் இறந்தார். கம்யூனின் பெரிய ஆதரவாளராக இருந்த உக்ரெய்ன் போலீஸ் தலைவர் பலித்ஸ்கியை 1937-ல் அவருடைய இலாகாவே சுட்டுக் கொன்றது. தகட்டில் மாறிய சொற்களுக்குப் பின்னால் இவையும் உண்டு.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1941-ல் தொழிற்சாலை ஸைபீரியாவில் பெர்த்ஸ்குக்கு இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்ததும் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்கில் ஃபெட்டின் வரைபடங்களைக் கொண்டு ஜோர்க்கியைத் தொடங்கினார்கள், 1948-ல். 'கூர்ந்து பார்க்கும்' என்று அர்த்தம். தோற்ற ஜெர்மனியின் காப்புரிமைகள் அப்போது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் ரீட், ஜப்பானில் கானனும் இன்னும் பலரும் லைக்காவின் வழியைத்தான் பின்பற்றினார்கள். கானனுக்கு அதில் வெட்கம் ஒட்டவில்லை, ருஷ்யனுக்கு மட்டும் ஒட்டிற்று. கீவ் காமிரா நகல் என்பதைவிடக் கொள்ளை என்பதே பொருத்தம். டிரெஸ்டன் நகரத்தில் ஸைஸ் ஐக்கான் செய்த கான்டாக்ஸின் கருவிகளும் பாகங்களும் நஷ்டஈடாக எடுத்துக்கொள்ளப்பட்டு, யேனாவில் மீண்டும் ஒழுங்குபடுத்தப்பட்டு, கீவின் ஆர்ஸனல் தொழிற்சாலைக்குப் போயின. டவ்ஜென்கோ 1929-ல் எடுத்த படத்தின் அதே ஆர்ஸனல். 1946 அக்டோபரில் ஸைஸின் நிபுணர்கள் பலரையும் ஒரே நாளில் ரயிலேற்றி ருஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். முதல் கீவ்கள் சிலவற்றில் பெயரைச் சுரண்டினால் அடியில் கான்டாக்ஸ் என்ற எழுத்துக்கள் தெரியும்.

ஃபெட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேர்தலைகீழ். ஸோவியத் யூனியன் 1991-ல் சிதறிய பிறகு, ஃபெட்டையும் ஜோர்க்கியையும் லைக்காவாக மாற்றி உல்லாசப் பிரயாணிகளிடம் விற்கும் தொழில் தழைத்தது. தலைத்தகட்டைத் தேய்த்து வழித்துவிட்டு, லைட்ஸின் முத்திரையைச் செதுக்குவார்கள். கழுகும் ஸ்வஸ்திகாவும், 1936 பெர்லின் ஒலிம்பிக் வளையங்களும், தங்க முலாமும், பாம்புத் தோலும்கூட உண்டு. ஜெர்ஜின்ஸ்கி பெயரைவிட ஹிட்லரின் சின்னத்துக்கு அதிக விலை. வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பார்க்க வேண்டும். தூரமானியின் கை லைக்காவில் ஒரு சிறு சக்கரத்தில் முடியும். ஃபெட்டில் ஆப்பு மாதிரி மழுங்கிய முனை. தகட்டை மாற்றுகிறவர்கள் அந்த முனையை மாற்றுவதில்லை.

ஃபெட் என்ற பெயரில் காமிரா வருவது 1990-களில் நின்றுபோயிற்று. கார்க்கோவ் 2022 முதல் ருஷ்யக் குண்டுகளுக்கு இலக்காகிக்கொண்டிருக்கிறது. என்னுடைய ஃபெட்டின் தலைத்தகட்டில் வரிகள் முழுசாக இருக்கின்றன. கறுப்புச் சாயம் மட்டும் உதிர்ந்திருக்கிறது. சாயத்தைப் புதிதாக ஏற்றித் தருவதாக ரிப்பேர்க்காரர் சொன்னார், வேண்டாமென்றேன். வளையத்தின் அடியில் வைக்க, கார்பன் போட்டு நகலெடுக்கும் மெல்லிய தாளை வட்டமாக வெட்டினேன். ஒன்று போதவில்லை. இரண்டாவதையும் வைத்து, தெருக்கோடி மின்கம்பத்தை லென்ஸின் பின்னால் தேய்த்த கண்ணாடி ஒட்டிப் பார்த்தபோது, விளிம்பு கூர்மையாக நின்றது.