உப்பின் அளவும் மீஞ்சூரின் படிப்பினையும்

மீஞ்சூருக்குக் கிழக்கே, அத்திப்பட்டு முதல் எண்ணூர்க் கழிமுகம் வரை உப்பளங்கள் விரிந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. உப்பை விளைவித்த இம்மண், பின்னாளில் உப்பாலேயே சோதிக்கப்பட்டது. மனித உடலுக்கு உண்மையில் எவ்வளவு உப்பு தேவை என்று சிந்திக்க, நம் வட்டாரத்தின் வரலாறே போதிய பாடமாகும்.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பு வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. சென்னையையும் எண்ணூரையும் இணைத்த கால்வாயில், பிற்காலத்துப் பக்கிங்காம் கால்வாயில், உப்பும் விறகும் படகேறி நகருக்குச் சென்றன. சென்ட்ரல் நிலையத்தை அடுத்த 'சால்ட் கொட்டார்ஸ்' என்னும் பெயர் அன்றைய உப்புக் கொட்டாரங்களை இன்றும் நினைவூட்டுகிறது.

உப்பு வரி ஏன் கொடுமையாயிற்று? மாளிகையில் இருப்பவருக்கும் உப்பின்றி வாழ முடியாது. வெயிலில் வியர்வை சிந்தும் கூலித் தொழிலாளிக்கோ அது இன்னும் இன்றியமையாதது. எனவே வரியின் சுமை ஏழையின் தலையிலேயே அதிகம் விழுந்தது. 1930 ஏப்ரலில் தண்டியிலும் வேதாரண்யத்திலும் மக்கள் உப்பள்ளினர். காந்தியடிகள் கைதான பின், தராசனா உப்பளப் போராட்டத்திற்குத் தலைமையேற்கப் புறப்பட்டவர் 76 வயது அப்பாஸ் தயாப்ஜி. அவரும் கைதாகவே, போராட்டத்தை நடத்தியோருள் ஒருவராக இமாம் அப்துல் காதிர் பாவஸீர் முன்னின்றார். 1947 ஏப்ரலில் அவ்வரி நீங்கியது.

அவர்கள் போராடிப் பெற்ற உப்பில் உடலின் பங்கு மிகச் சிறிது. நரம்புகள் செய்தி கடத்தவும், தசைகள் இயங்கவும், உடல்நீர் சமநிலையில் நிற்கவும் சோடியம் வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு 200 முதல் 500 மில்லிகிராம் போதும் என மதிப்பிடுகின்றனர். ஒன்றேகால் கிராம் உப்பிலேயே அது அடங்கிவிடும். பெரியவர்கள் 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக, உண்ணுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. உலகம் உண்பதோ சராசரியாக 11 கிராம் அளவில். மிகுதியான உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தி, இதயத்தையும் மூளையையும் தாக்கும் நோய்களுக்கு வழி திறக்கிறது.

அளவு மீறினால் என்னாகும் என்பதை நம் நிலத்தடி நீரும் காட்டிற்று. நகரின் தாகத்திற்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளிலிருந்து நீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. நன்னீரின் அழுத்தம் தளர்ந்ததும் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. அதே மீஞ்சூரின் பெயரால், காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரை உருவாக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இரு கடல்களுக்கிடையே இறைவன் தடுப்பு அமைத்திருப்பதை அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் சிந்திக்கச் சொல்கிறது. அந்த ஒழுங்கைப் பேணாமல் நாம் அள்ளிக்கொண்டதன் விலை இது.

உணவை உப்பில் தொடங்கி உப்பில் முடித்தால் எழுபது நோய்கள் நீங்கும் என்றொரு செய்தி நம் இல்லங்களில் நபிமொழியாக உலவுகிறது. அது இட்டுக்கட்டப்பட்டது என்று இமாம் இப்னுல் ஜவ்ஸீ தம் நூலில் சேர்த்துள்ளார். உண்ணலாம், பருகலாம், வரம்பு மீறலாகாது என்பதே அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் நெறி.

ஆகவே ஊறுகாய், கருவாடு, அப்பளம், நோன்புக் கஞ்சியோடு வரும் பொரித்த தின்பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பையும் நாம் கணக்கில் கொள்வோம். உப்பை அறவே ஒதுக்குவதும் நெறியன்று. வெயிலில் உழைப்போரும் நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டு அளவை வகுத்துக்கொள்ளட்டும். கைப்பிடி உப்புக்காக முன்னோர் சிறை சென்றனர். நமக்கு எளிதாய்க் கிடைத்த அந்த நிஃமத்தை அளவோடு பயன்படுத்துவதே அதற்கான நன்றி. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நடுநிலை பேணும் பண்பை அருள்வானாக. ஆமீன்.