கலவழிக் கழிவகற்றும் தொழிலாளர்: தேக அபாயங்களும் பாதுகாப்பும்

கலவழிக் கழிவகற்றல் என்பது, பாதாளச் சாக்கடைக்கோ மலக்குழிக்கோ இடமில்லாத நெருக்கமான குடியிருப்புகளில், வீட்டுக் கழிப்பறையின் அடியில் வைத்த வாளியில் சேரும் மலத்தை மூடியிட்டு, குறித்த நாளில் எடுத்துச் சென்று, வேறிடத்தில் கிருமி நீக்கிப் பயன்பொருளாக்கும் சேவையாகும். நைரோபி, குமாசி, லிமா முதலிய நகரங்களில் இது நடந்துவருகிறது. ஹெய்ட்டி நாட்டின் காப்-ஹெய்ட்டியன் நகரில், 2006-இல் தொடங்கப்பட்ட சாயில் என்னும் நிறுவனம் இதனை நடத்துகிறது.

அந்நாட்டில் மலக்குழிக்குள் இறங்கிக் கையால் அள்ளுவோர் ‘பாயாகூ’ எனப்படுவர்; ஊரார் ஏளனத்துக்கு அஞ்சி இரவிலேயே வேலை செய்யும் இவர்களுக்கு விஷவாயுவும் குழிச் சரிவும் நித்திய அபாயங்கள். மலத்தின் வழியே தொற்றும் காலரா, 2010 அக்டோபரில் அங்கே பரவத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்து, ஏறக்குறைய பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கலவழி முறையில் குழியில் இறங்குவது அறவே இல்லை என்பதே தொழிலாளருக்கு அதனால் விளையும் முதல் நன்மை.

எனினும் அபாயம் முற்றும் நீங்கிவிடவில்லை. வாளியின் விளிம்பில் ஒட்டிய ஒரு துளி கைவழியே வாய்க்குச் சென்றால் காலரா, டைபாய்டு, மஞ்சட்காமாலை முதலியன தொற்றலாம். குடற்புழுவின் முட்டையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்கும். இருபது லிட்டர் வாளி நிறைந்தால் இருபது கிலோவை நெருங்கும். அதைச் சுமந்து மேடுபள்ளமான சந்துகளில் நாள்தோறும் நடப்பவரின் இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. மலத்தை எருவாக்கும் குவியலைப் புரட்டுகையில் எழும் தூசியும், வாளி கழுவும் குளோரின் நெடியும் சுவாசத்தைப் பாதிப்பன.

பாதுகாப்பு, கையுறைக்கு முன்பே, கழிப்பறையின் அமைப்பில் தொடங்குகிறது. சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின்மேல் கரும்புச் சக்கையைத் தூவினால், சுமை குறைகிறது, சிதறலும் அடங்குகிறது. விளிம்பைத் துடைத்து, மூடியைச் சுற்றிலும் அழுத்தி, அது இறுகப் பொருந்திய பின்னரே தொழிலாளி வாளியைத் தூக்க வேண்டும். கைவண்டி, காலணி, முகக்கவசம், தடுப்பூசி, காலமுறைப் புழுநீக்க மருந்து ஆகியவற்றோடு, பணியுடையை வீட்டுக்குக் கொண்டுசெல்லாமல் பணியிடத்திலேயே களைந்து குளிக்கும் வசதியும் அவசியம். எருக்குவியலின் வெப்பம் குறைந்தது ஒரு வாரம் 50 பாகை செல்சியசுக்கு மேல் நிலைத்த பின்னரே எருவைக் கையாளலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறி.

ஊரின் ஆரோக்கியத்தைச் சுமப்பவரின் ஆரோக்கியத்துக்குப் பொறுப்பேற்காத எந்தச் சேவையும், சுகாதாரச் சேவை என்னும் பெயருக்கு உரியதாகாது.