ஆடு குறுக்கே வந்தால் பணம் யார் கொடுப்பது?

ஓடுகிற காரின் முன்னால் ஒரு மாடு வந்து நின்றால் நஷ்டம் யார் தலையில்? வேலியை ஒழுங்காகப் போடாத மாட்டுக்காரர் தலையில்தான் என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இங்கிலாந்தில் 1971 வரைக்கும் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலம். விளக்கை மறைத்துத்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சைக்கிளில் போன ஒருவர், பழுதான வேலி வழியாகச் சாலைக்கு வந்துவிட்ட குதிரை மீது மோதினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. சியர்ல் - வால்பேங்க் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் வருவது இதுதான். 1947ல் தீர்ப்பு: சாலையோர நிலத்துக்காரர் தன் வீட்டு விலங்குகள் சாலைக்கு வராமல் தடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல! அந்தக் காலத்தில் சாலைகள் வேலியில்லாமல்தான் கிடந்தன, பிறகு வந்த வேலியும் நிலத்துக்காரரின் வசதிக்காக வந்ததே தவிர வழிப்போக்கருக்காக அல்ல என்பது காரணம். கட்டைவண்டிக் காலத்து நியாயம் கார் காலத்திலும் செல்லுபடியானது.

இதில் காப்பீடு எங்கே வருகிறது? பிரிட்டனில் 1930ம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அது மனிதர்களின் சாவுக்கும் காயத்துக்கும் மட்டும்தான். மாடு மோதி நசுங்கிய சொந்தக் காருக்குத் தனியாக முழுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். (மோதினால் வண்டியை நிறுத்த வேண்டிய விலங்குகள் என்று அதே சட்டம் ஒரு பட்டியலும் போட்டது. குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, வெள்ளாடு, நாய். பூனையைக் காணோம்!) காப்பீட்டு நிறுவனமும் கொடுத்த பணத்தை விலங்குக்காரரிடம் திரும்பக் கேட்க முடியாது. அவருக்குத்தான் கடமையே இல்லையே. ஆக, பண்ணைக்காரரின் ஓட்டை வேலிக்கு வாகனக்காரர்களின் பிரீமியம் பதில் சொன்னது.

இதை ஒரு காப்பீட்டு நிறுவனமே எதிர்த்துப் பார்த்தது, ஆஸ்திரேலியாவில். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் ஓட்டிய கார் இரண்டு செம்மறி ஆடுகள் மீது மோதி, பிறகு எதிரே வந்த காரிலும் மோதியது. அந்தப் பெண் இறந்துபோனார். எதிர்க்காரில் வந்த தம்பதிக்குக் காயம். கவனக்குறைவு என்ற பழி இறந்தவர் மீது விழுந்தது. பணம் கொடுக்க வேண்டியது அவர் காருக்குக் காப்பீடு தந்திருந்த அரசுக் காப்பீட்டு ஆணையம். ஆட்டுக்காரரும் பங்கு தர வேண்டும் என்று ஆணையம் உயர் நீதிமன்றம் வரை போனது. 1979ல் தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், 1947ல் லண்டனில் சொன்ன விதி 1836ல் அந்தக் குடியேற்றம் உருவானபோதே ஆங்கிலச் சட்டத்தோடு சேர்ந்து வந்துவிட்டது என்றார்கள். நீதிபதிகள் சட்டத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்பது தத்துவம். மாற்ற வேண்டுமானால் அது நாடாளுமன்றத்தின் வேலை என்றார் நீதிபதி மேசன். மர்பி ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது மேசன் சொன்னது. ஆனால் ஆட்டுக்காரர் ஒரு காசு கூடக் கொடுக்காமல் வெளியே வந்தார், செத்தவர் ஒருவரே குற்றவாளியாக மிஞ்சினார்.

அதற்குள் இங்கிலாந்தே அந்த விதியைக் கைவிட்டிருந்தது. 1953ல் ஒரு குழு, 1967ல் சட்ட ஆணையம் என்று அறிக்கைகள் வந்து, கடைசியில் 1971ம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் 8ம் பிரிவு அதை ஒழித்தது. அங்கேயும் ஒரு விலக்கு உண்டு. வழக்கமாக வேலியே இல்லாத பொது மேய்ச்சல் நிலத்தில், உரிமையுள்ளவர் விலங்கை விட்டதற்காக மட்டுமே அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. நியூ ஃபாரஸ்ட் காட்டில் மட்டக்குதிரைகள் இன்றும் சாலையில் தம் இஷ்டத்துக்கு நடக்கின்றன. அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டியவர் கார்க்காரர்தான்.