காதால் விமானம் பார்த்தவர்கள்

அமெரிக்காவின் நெவாடாவில் நெல்லிஸ் என்றொரு விமானப்படைத் தளம் இருக்கிறது. அதன் வேலிக்கு வெளியே வாகனத்தை நிறுத்தி, கதிரை போட்டு, நீட்டுக் கெமராக்களோட ஆட்கள் காத்திருப்பாங்க. எழும்பி வாற ஒவ்வொரு போர் விமானத்தையும் படமெடுத்து, வாலில இருக்கிற இலக்கத்தைக் கொப்பியில குறிச்சுக்கொண்டு அடுத்த தளத்துக்கு வண்டியை விடுவாங்க. ஸ்பொட்டிங் என்று இதுக்குப் பேர். இங்கிலாந்தில் அமெரிக்க விமானங்கள் நிற்கிற லேக்கன்ஹீத் தளத்தைச் சுத்தியும் இதே கூட்டம்தான்.

இதை எங்கட பக்கம் செய்து பார்த்தா என்ன என்றுதான் வெளிக்கிட்டோம். மட்டக்களப்பிலிருந்து ஏ-15 வீதியால் வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா தாண்டினால் சீனக்குடா. வீதியின் ரெண்டு அந்தத்திலும் விமான ஓடுபாதை. மோட்டார்சைக்கிளில் ஒருநாள் ஓட்டம்.

இந்தப் பொழுதுபோக்கும் போரில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் அவதானிப்புப் படையில் சாதாரண சனங்கள் தொண்டர்களாக நின்று, வாறது எதிரியா நம்மாளா என்று உருவத்தையும் சத்தத்தையும் வைத்துச் சொன்னார்கள். போர் முடிந்தது, பயம் போனது, பழக்கம் மிஞ்சியது. இங்கே பழக்கம் வந்தது, பயம் போகவில்லை. அதனால்தான் இது எங்களுக்குப் பொழுதுபோக்காக மாறவேயில்லை என்று நினைக்கிறோம்.

திமிலைதீவில், வாவி சூழ இருக்கிறது மட்டக்களப்பு விமான நிலையம். 1958இல் பயணிகளுக்காகத் திறந்தது. 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. 2018இல் திரும்பவும் உள்நாட்டு விமான நிலையமாகத் திறந்தார்கள். இடையில் போன வருசங்களில் படுவான்கரையில் இருந்தவர்களுக்கு அது விமான நிலையமில்லை, ஹெலி எழும்புற திசை.

கல்லடிக் கடற்கரையில் நின்றால் கடல் மட்டும்தான் தெரியும். அந்தக் கடலுக்கடியில், ஐம்பது மீற்றருக்கும் மேலான ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. (கட்டி முடித்து முந்திக்கொண்டது ஜப்பானின் ஹோஷோ. ஸ்பொட்டர்மார் இதுக்கே சண்டை பிடிப்பாங்க.) 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்தில் போன கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படமுன் செய்தியை அனுப்பிவிட்டார். அடுத்த நாள் கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலை. தாக்குதல் வருமென்று முதல்நாள் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட ஹேர்மிஸை மட்டக்களப்புக் கடலில் வைத்துப் பிடித்தார்கள். அதில் அப்போது ஒரு விமானமும் இல்லை, எல்லாம் கரையில் நின்றன. காப்பாற்ற இரத்மலானையிலிருந்து வந்தவை பிந்தித்தான் வந்தன. இருபது நிமிசத்துக்குள்ள கப்பல் தாண்டுபோனது. 307 பேர். எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன, சுழியோடிகள் போய்ப் பார்த்துவிட்டும் வருகிறார்கள்.

வடக்கே போகப்போக எண்ணிக்கை மங்குகிறது. கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த சனத்தின்மேல் 2006 நவம்பர் 8ஆம் திகதி ஷெல் விழுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அது ஆட்லறி, விமானமில்லை. ஆனால் அதே வருசம் ஜூலை 26இல் மாவிலாற்றுப் பக்கம் போட்டது விமானங்கள்தான். கடைசிக்கட்டப் போர் அங்கேதான் தொடங்கியது. வீதி இப்போது நல்ல காப்பெற். முந்தி ஆறு கடக்கப் பாதைக்குக் காத்து நின்ற இடங்களிலெல்லாம் இன்று பாலம். (பாதை என்றால் எங்கட ஊரில் வாகனத்தை ஏற்றிப்போற மிதவை.)

எங்கட அப்பா அம்மாமாரிடம் கெமரா இருக்கவில்லை. கொப்பியும் இருக்கவில்லை. காது இருந்தது. ஹெலி என்றால் தூரத்திலேயே கேட்கும், வாவித் தண்ணிக்கு மேலால் சத்தம் இன்னும் தெளிவாக வரும், பங்கருக்குள்ள இறங்க நேரம் கிடைக்கும். ஜெட் அப்படியில்லை, சத்தம் காதில் விழும்போது ஆள் தலைக்குமேல். 1985இல் இத்தாலியின் சியாமார்செட்டி, 1993இல் ஆர்ஜென்ரீனாவின் புக்காரா, 1995இல் எம்ஐ-24, 1996இல் கிபிர், 2000இல் மிக்-27 என்று ஒவ்வொன்றாக வந்தன. எந்த விமானப்படைக் கையேடும் இல்லாமலே சனம் பிரித்தறியப் பழகிக்கொண்டது. வடக்கில் இரைஞ்சு இரைஞ்சு வாற போக்குவரத்து விமானத்துக்குச் சகடை என்று பேர். வன்னியில் ஆளில்லா வேவு விமானம் வண்டு. கிபிர் வந்த பிறகு எந்த ஜெட்டும் கிபிர்தான், மிக்-27 வந்தாலும் கிபிர்தான். ஸ்பொட்டர் ஒருவர் கேட்டால் பிழை என்பார். பங்கருக்குள்ள ஓடுறவருக்கு அந்த வித்தியாசம் எதுக்கு?

கிபிர் என்ற ஹீப்ரு சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று அர்த்தம். விமானம் இஸ்ரேலுடையது, எஞ்சின் அமெரிக்க ஜே-79. எங்களுக்கு வருவதற்குப் பத்து வருசத்துக்கு முந்தி, 1985 தொடக்கம் 1989 வரை, அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையும் இருபத்தைந்து கிபிர்களை வாடகைக்கு எடுத்து எஃப்-21 என்று பேர் வைத்திருந்தன. வேலை என்ன? வேர்ஜீனியாவின் ஓசியானாவிலும் அரிசோனாவின் யூமாவிலும் பயிற்சிச் சண்டையில் எதிரியாக நடிப்பது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்க. நல்ல வெயில், பளிச்சென்ற பெயின்ற். விமானத்தை மட்டும் பார்த்தால் வடிவாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேணும்.

சீனக்குடாவில் மதில், வேலி, படமெடுக்கத் தடை. கெமரா பையைவிட்டு வெளியே வரவில்லை. பிரித்தானியரின் தளமாக இருந்து 1957இல் கைமாறிய இடம், இப்போது விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி. சீனத்து பிடி-6 விமானங்களில் புதுப் பிள்ளைகள் பறக்கப் பழகுகிறார்கள். பக்கத்துக் கடையில் தேத்தண்ணிக்கு இருந்தபோது ஒன்று மேலால் போனது. நாங்கள் எல்லாரும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தோம். கடைக்கார அம்மா தலையைத் தூக்காமலே அது பழகுறதுதான் என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவப் போனார்.