செல் நெருக்கடியும் புற்றுநோயும்

சூடு, பட்டினி, கதிர்வீச்சு, பிடிமான இழப்பு போன்ற ஆபத்துகள் நேரும்போது, பிழைக்கவோ மடியவோ ஒரு செல் தனக்குள் தொடங்கும் வேதிவினைகளின் தொகுதியே செல் நெருக்கடி எதிர்வினை. உடலைக் காக்க உருவான இந்த ஏற்பாட்டைப் புற்றுநோய்ச் செல்கள் தங்கள் பிழைப்புக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. அது எப்படி என்பதை விளக்கியதில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது.

செல் நெருக்கடி ஆய்வின் தொடக்கம் இத்தாலியில். சூடேறிய பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்களின் சில இடங்கள் புதிதாக உப்புவதை 1962இல் ஃபெருச்சோ ரிட்டோசா வெளியிட்டார். அவ்விடங்களில் மரபணுக்கள் விழித்திருந்தன. அவை உருவாக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் 1974இல் அடையாளம் காணப்பட்டன. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எஸ்.சி. லகோடியாவும் டி. முகர்ஜியும் 1982இல் ஒரு விந்தையைக் காட்டினர்: 93டி என்ற உப்பல் சுறுசுறுப்பாக இயங்கியும் புதிய புரதம் எதையும் தரவில்லை.

சூட்டைப் போலவே டி.என்.ஏ. உடைவதும் ஒரு நெருக்கடி. அப்போது செல்லைக் காப்பது, 1979இல் கண்டறியப்பட்ட பி53 புரதம். 2004இல் கலித் லஹாவும் ஊரி அலோன் குழுவினரும் செல்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் தொடர்ந்தனர். கதிர்வீச்சுக்குப் பின் பி53 அலையலையாக எழுந்து அடங்கியது. பல செல்களைச் சேர்த்து அளந்த சராசரிக்குள் மறைந்திருந்த உண்மை இது. தனிச் செல்லின் அளவீட்டையும் கணிதச் சமன்பாட்டையும் இணைக்கும் அமைப்பு உயிரியலின் வலிமை இங்கே தெரிந்தது.

புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை, நோய் உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதால் நேர்பவை. உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் இயல்பான எபிதீலியச் செல், தன்னைத் தாங்கும் புரதப் பின்னலிலிருந்து கழன்றால் தானே மடியும். இதற்கு அனோய்கிஸ் என்று 1994இல் ஃபிரிஷ், பிரான்சிஸ் இருவரும் பெயரிட்டனர். கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் மிதக்கும் செல் மட்டும் ஏன் மடிவதில்லை?

இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் மார்பகப் புற்றுநோயில் இதற்கு விடை தேடியவர், இந்திய அறிவியல் கழகத்தின் அன்னபூரணி ரங்கராஜன். ஆற்றல் குறைவை உணரும் ஏ.எம்.பி.கே. நொதி, பிடிமானம் இழந்த செல்லைப் பிழைக்க வைப்பதை அவர் குழு 2014இல் காட்டியது. 2018இல் படம் விரிந்தது. ஏ.எம்.பி.கே.யும், வளர்ச்சியைத் தூண்டும் ஆக்ட் நொதியும் தராசுத் தட்டுகள் போன்றவை. மிதக்கும் செல்லில் ஏ.எம்.பி.கே. ஓங்கி, பி.எச்.எல்.பி.பி.2 என்ற நொதியைக் கொண்டு ஆக்டைத் தணிக்கிறது. செல் மீண்டும் ஒட்டியதும் ஆக்ட் ஓங்கி, பி.பி.2சி ஆல்ஃபா நொதியின் வழியே ஏ.எம்.பி.கே.யை அடக்குகிறது.

இந்தச் சுற்றை அதே கழகத்தின் மோகித் குமார் ஜாலியும் ரங்கராஜனும் தம் குழுவினருடன் 2021இல் கணித மாதிரியாக்கினர். ஏ.எம்.பி.கே. ஓங்கிய நிலை, ஆக்ட் ஓங்கிய நிலை ஆகிய இரண்டும் ஒரே சூழலில் அருகருகே இருக்கலாம் என்றது கணக்கு. எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களை இரு வகையாகப் பிரித்து வளர்த்தபோது, ஒவ்வொரு வகையும் மற்றதாக மாறவும் செய்தது.

சிகிச்சைக்கு இது முக்கியமான செய்தி. ஒரு நிலையை மட்டும் தாக்கும் மருந்துக்குத் தப்பிய செல்கள், மறு நிலையிலிருந்து கூட்டத்தை மீண்டும் நிரப்பக்கூடும். 2018 ஆய்விலோ, சுற்றின் இணைப்பான பி.எச்.எல்.பி.பி.2ஐத் தடுத்தபோது நோய்ப் பரவல் குறைந்தது.