தசைப்பிடிப்பும் கிழி மூட்டையும்

பெரட்டு முடிந்து நிரைக்குப் போனால் 400, 500 கித்தா மரங்கள். ஒவ்வொன்றிலும் குனிந்து வெட்டுக்கத்தியை இழுக்க வேண்டும். பிறகு காண்டாக் கம்பின் இருபுறமும் பால்வாளி. இப்படி உழைத்த நம் முன்னோரின் தோளில் வலி குடியிருந்ததில் வியப்பில்லை. தடவிப் பார்த்தால் சதைக்குள் சுண்டைக்காய் போல ஒரு முடிச்சு தட்டுப்படும். "புடிச்சிக்கிச்சு" என்பார்கள். லயத்து வீடுகளில் அதற்கு வைத்தியம் நல்லெண்ணெயும், உப்பையோ தவிட்டையோ வறுத்துக் கட்டிய கிழி மூட்டையும்தான்.

இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடக் கூடாது. சித்த மருத்துவம் வகுத்த 32 புறமருத்துவ முறைகளில் ஒற்றடம், பொட்டணம், தொக்கணம் மூன்றும் உண்டு. தொக்கணம் என்பது பிடித்துவிடுதல். அதிலேயே தட்டல், அழுத்தல், இழுத்தல், முறுக்கல் என்று 9 வகை! மலாய்க்காரர்கள் கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றித் 'துங்கு' வைத்தார்கள். சீனர்கள் எருமைக் கொம்பாலோ கரண்டி விளிம்பாலோ வழித்தார்கள். (இரட்டைப் பிள்ளை பெற்றவள் வழித்தால்தான் சுளுக்கு இறங்கும் என்பதை மட்டும் நான் நம்புவதில்லை. வழித்த கைக்குத்தான் பெருமை.)

மேல்நாட்டு மருத்துவம் இதைப் பின்னால்தான் ஆராய்ந்தது. 1938-இல் லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர், தொண்டர்களின் தசையில் உப்புநீரை ஊசியால் செலுத்தினார். குத்தியது ஓரிடம், வலித்தது வேறிடம்! தோள்பட்டை முடிச்சை அமுக்கினால் வலி கைக்கு ஓடுவதும் இப்படித்தான். அமெரிக்காவில் ஜேனட் டிராவெல் அம்மையார் இந்த முடிச்சுகளைத் 'தூண்டுபுள்ளி' என்று விளக்கினார். 1961-இல் கென்னடி அதிபரானபோது அவருடைய மருத்துவரானவர் இவரே. டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983-இல் பெரிய நூலும் வெளியிட்டார். முடிச்சு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதனால் வலி பொய் என்று ஆகாது. "சோம்பேறித்தனம்" என்று ஏச்சு வாங்கிய எத்தனையோ தொழிலாளர்களின் வலி மெய்யான வலிதான்.

இப்போது குமிழ் வைத்த மரக்கட்டை, உருளை, உலோகத் தகடு எல்லாம் கடையில் கிடைக்கின்றன. வாங்குவது எளிது, அழுத்தும் இடம் தெரிய வேண்டுமே! கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் 108 வர்மங்களைச் சொல்வார்கள். அதில் 12 படுவர்மம், உயிருக்கே ஆபத்தானவை. அதனால்தான் சீடனின் குணம் அறியாமல் வித்தையைக் கொடுக்கமாட்டார்கள். முன்கழுத்திலும், வீங்கிய இடத்திலும், எலும்பின் மேலும் கட்டையை வைக்கவே கூடாது. பொறுக்கும் அளவுக்கு அரை நிமிடம் அழுத்தி, பிறகு தசையை மெல்ல நீட்டினால் போதும். இனிப்புநீர் உள்ள பெரியவர்களுக்குக் காலில் சூடு உறைக்காது. கிழியால் வெந்து புண்ணாகிவிடும், பிள்ளைகளே, பக்கத்தில் இருந்து பாருங்கள். நெஞ்சு வலித்து இடக்கைக்கு ஓடினால் அது தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

பாசிர் கூடாங்கில் 1977-இல் துறைமுகம் வந்தது, தொழிற்சாலைகள் பெருகின. கித்தா வாளி தூக்கியவர்களின் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். தோள்வலி மட்டும் மாறவில்லை. நமக்கு எட்டும் தொலைவிலுள்ள ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் 2008-இல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கி, மலாய் உருவுதலும் அக்குபஞ்சரும் அரசு மருத்துவமனைக்குள்ளேயே நுழைந்தன. 2016-இல் பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்யச் சட்டமும் வந்தது. நம் இந்திய மருத்துவமும் அதில் அடக்கம்.