பைபிளைத் தமிழில் தந்தவர் கடனுக்காக ஜெயிலுக்குப் போன கதை

படப்பையில இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "குறையுள்ள சாதாரண ஆட்களையும் கடவுள் பயன்படுத்துவார்னு சர்ச்சுல அடிக்கடி சொல்றாங்க. உதாரணம் கேட்டா தாவீது, பேதுருன்னு நிறுத்திடுறாங்க. நம்ம ஊர்ப்பக்கம் யாராவது இருக்காங்களா?"

இருக்கார். படப்பைக்காரர் இல்ல, வேப்பேரிக்காரர். ஆனா வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு நெடுக இருக்கிற புராட்டஸ்டண்ட் சபைகள்ல ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற தமிழ் பைபிள்ல அவரோட கை இருக்கு. பேரு யோகான் பிலிப் பப்ரிசியஸ்.

1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார், பிறகு ஹாலே நகரத்தில் இறையியல். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். ரெண்டு வருஷத்துல மெட்ராஸ். கல்யாணம் பண்ணிக்கல. அதுக்கப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவும் இல்ல.

அவர் வந்த நேரம் சரியில்ல. 1746-ல் பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சிட்டாங்க, இவர் பழவேற்காட்டுக்கு ஓடினார். 1749-ல் திரும்பி வந்ததும் வேப்பேரியில் இடம் கிடைத்தது. 1758 கடைசியில லாலி படையோட வந்து முற்றுகை போட்டப்ப மறுபடி பழவேற்காடு. இப்படி மூட்டை கட்டிக்கிட்டே இருந்தவர்தான் நடுநடுவுல பைபிளை மொழிபெயர்த்தார்.

1761-ல் ஒரு திருப்பம். ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் அவர்கள் கைக்கு வந்தது. அதை வைத்து ஓட்ட அவர்களிடம் ஆள் இல்லை. பப்ரிசியஸிடம் கொடுத்தார்கள், கம்பெனி வேலை வந்தால் முதலில் அதை அடித்துத் தரணும் என்ற கண்டிஷனோடு. போர்ல கொள்ளையடிச்ச மெஷின்லதான் வேப்பேரி அச்சகம் ஆரம்பிச்சது. கடவுள் எதையெல்லாம் பயன்படுத்துறார்னு லிஸ்ட் போடுறவங்க இதையும் சேர்த்துக்கலாம்.

1772-ல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவருக்கு முன்னாடி சீகன்பால்கு 1715-லேயே புதிய ஏற்பாட்டை அச்சிட்டுட்டார், அது பெரிய விஷயம். ஆனா அதுல தமிழ் கொஞ்சம் திக்கும். பப்ரிசியஸ் வாக்கியத்துல ஒரு ஓட்டம் இருக்கும். அதுக்குக் காரணம் அவர் மட்டும் இல்ல, முத்து என்ற தமிழரும் கூட உட்கார்ந்து வேலை பார்த்திருக்கார். முத்துவைப் பத்தி நமக்குப் பேருக்கு மேல அதிகம் தெரியாமப் போனது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

1779-ல் தமிழ்–ஆங்கில அகராதி வந்தது. தலைப்பில் 'மலபார்' என்று இருக்கும். பயந்துடாதீங்க, அப்ப ஐரோப்பியர்கள் தமிழை அப்படித்தான் சொன்னாங்க. அதோட பிற்காலப் பதிப்பு சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்துல இருக்கு, இப்பவே போன்ல தேடலாம்.

இனிமேதான் கஷ்டமான பகுதி.

இன்னைக்கு மாதிரி தெருவுக்கு ஒரு பேங்க் இல்லாத காலம். நம்பிக்கையான பாதிரியாரிடம் சபை மக்கள் சேமிப்பைக் கொடுத்து வைத்தார்கள். மிஷன் பணமும் அவர் கையில்தான். அதை அவர் வட்டிக்கு விட்டார். தனக்காக இல்ல. ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வர்ற பணத்தை மட்டும் நம்பி ஒரு மிஷனை நடத்துறது கஷ்டம். அதுவும் அப்ப மெட்ராஸே வட்டியில மிதந்த ஊர். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பணக்காரங்க ஆனாங்க. அந்த ஊழல் லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் போய், 1785-ல் எட்மண்ட் பர்க் அதைப் பத்தி ஒரு நீண்ட உரையே ஆற்றினார்.

பப்ரிசியஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வாங்கினவங்க திருப்பித் தரல. ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு கடன். 1780-ல் ஹைதர் அலி படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. மெட்ராஸுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில், இன்றைய படப்பை இருக்கிற செங்கல்பட்டு ஜாகீர் முழுக்க நாசமானது. ஜனங்க அகதிகளா மெட்ராஸுக்கு ஓடினாங்க, பின்னாலேயே பஞ்சம். கொடுத்த பணம் வேணும்னு ஜனங்க நிக்கிற நேரத்துல அவர் கையில ஒண்ணும் இல்ல.

கடனைக் கட்டலைன்னா உள்ள தள்ளலாம்ங்கிறது அப்போதைய சட்டம். தமிழ் பைபிள் தந்தவர், முதுமையில், கடனாளியாகச் சிறைக்குப் போனார்.

இங்க பிரசங்கம் பண்றவங்க வழக்கமா ஒரு வேகம் எடுப்பாங்க: "பாருங்க, மண்பாண்டம்! ஆனாலும் ஆண்டவர் பயன்படுத்தினார்!" எனக்கு அந்த 'ஆனாலும்' கொஞ்சம் இடிக்குது. பேதுரு மறுதலிச்சதால யாரோட சேமிப்பும் போகல. வேப்பேரியில போச்சு. அவங்களுக்கு முன்னாடி நின்னு 'அவர் கடவுளின் கருவி'ன்னு சொல்ல முடியுமா? நான் சொல்ல மாட்டேன். அதே சமயம், கடனைக் காட்டி மொழிபெயர்ப்பைப் பொய்னு சொல்லவும் முடியாது. இந்த ஆள் நல்லவரா கெட்டவரான்னு கூட்டிக் கழிச்சுப் பார்த்தா விடை வராது. ஒரே ஆள், ஒரே மேஜை. ஒரு பக்கம் அகராதிக் காகிதம், இன்னொரு பக்கம் கடன் பத்திரம்.

1788-ல் பொறுப்பை கெரிக்கே என்பவரிடம் ஒப்படைத்தார். 1791 ஜனவரியில், எண்பது வயதில், இறந்தார். பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1796-ல். அதை அவர் பார்க்கல.

பிறகு பவர் தலைமையிலான குழு 1871-ல் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு பப்ரிசியஸுடையதை அடிப்படையா வச்சுத்தான் வேலை பார்த்தது. அவர் 'பராபரன்'னு எழுதின இடத்துல 'தேவன்' வந்துச்சு. லுத்தரன் சபைகள் அதை ஏத்துக்காம ரொம்ப காலம் பழசையே பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. புரசைவாக்கத்துல அவர் பேர்ல ஒரு லுத்தரன் மேல்நிலைப் பள்ளி இருக்கு. அந்தப் பக்கம் போனா போர்டைப் பாருங்க.

கெரிக்கே பணத்தைக் கையாண்ட விதமே வேற. அடுத்த எபிசோடுல அவர்தான்.